கை உடைந்த பிள்ளைக்கு எந்த வலி மருந்து நல்லது?

கேள்வி:

என் மகனுக்கு 7 வயது, எடை 20 கிலோ. போன வாரம் செங்காங்கில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள விளையாட்டு இடத்தில் மங்கி பாரில் தொங்கிக்கொண்டிருந்தவன் கை நழுவிக் கீழே விழுந்துவிட்டான். இடது மணிக்கட்டுக்கு மேலே உடனே வீங்கிவிட்டது. வலி மருந்து கொடுத்தால் எங்கே அடி என்று மருத்துவருக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எதுவும் கொடுக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காத்திருந்த நேரமெல்லாம் அழுதான். எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஐபுபுரூஃபன் சிரப்பும் பாரசிட்டமால் சிரப்பும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஐபுபுரூஃபன் கொடுத்தால் எலும்பு ஒட்டாது என்று உறவினர் ஒருவர் சொன்னதால் அதைத் தொடவில்லை. வீட்டில் முன்பே இருந்த பாரசிட்டமாலில் (புட்டியில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்று இருக்கிறது) 5 மி.லி. கொடுத்தேன். இரவு முழுக்க அவன் தூங்கவில்லை. பாரசிட்டமால் இந்த வலிக்குக் கேட்காது, கோடீன் கேட்டு வாங்கு என்கிறார் அலுவலகத் தோழி. தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரோ, கட்டைப் பிரித்துவிட்டு எண்ணெய் போட்டு நீவினால் வலி போய்விடும் என்கிறார். உண்மையில் எந்த மருந்து நல்லது? ஜூன் விடுமுறையில் ஊருக்குப் போகிறோம். அங்கே கிடைக்கும் வலி மருந்தைக் கொடுக்கலாமா?

செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கை காலில் அடிபட்ட குழந்தைக்கு வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்துகளில் என் முதல் தேர்வு ஐபுபுரூஃபன். அதைக் கொடுக்கக்கூடாத காரணம் ஏதாவது இருந்தால் பாரசிட்டமால். ஐபுபுரூஃபன் மட்டும் போதாவிட்டால் அதோடு பாரசிட்டமாலும் சேர்த்து. கோடீன் வேண்டாம். மருத்துவமனை உங்களிடம் கொடுத்தனுப்பிய அந்த இரண்டு புட்டிகளும் சரியான புட்டிகள்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது மருந்தின் பெயரைவிட அந்த 5 மி.லி. தான். குழந்தைகளுக்கு வலி மருந்தை எடைக்குத்தான் கணக்கிடுகிறோம். பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. உங்கள் மகன் 20 கிலோ என்றால் 300 மி.கி. நீங்கள் கொடுத்ததோ 120 மி.கி. பாதிகூட இல்லை. அதனால் அன்றிரவு அவன் தூங்காததற்குப் பாரசிட்டமாலைக் குறை சொல்ல முடியாது. அது வேலை செய்யும் அளவு அவன் வயிற்றுக்குள் போகவே இல்லை. இதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். மருந்து வாங்க வரும் பெற்றோரிடம் வீட்டில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால் ‘ஐந்து எம்எல்’ என்பதுதான் அடிக்கடி வரும் பதில். குழந்தைக்கு 10 கிலோ இருந்தபோது யாரோ எழுதிக்கொடுத்த அளவு, அவன் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் அப்படியே தொடர்கிறது.

இப்போது உங்கள் வீட்டில் இரண்டு பாரசிட்டமால் புட்டிகள் இருக்கின்றன, இல்லையா? இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இங்கே பாரசிட்டமால் சிரப் இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. சிறு குழந்தைகளுக்கானது 5 மி.லி.யில் 120 மி.கி. கொண்டது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது 5 மி.லி.யில் 250 மி.கி. உங்கள் மகனுக்கு வேண்டிய 300 மி.கி. முதல் புட்டியில் 12.5 மி.லி., இரண்டாவது புட்டியில் 6 மி.லி. தான். இன்று நான் சொன்னதைப் படித்துவிட்டு, 12.5 மி.லி.யை இரண்டாவது புட்டியிலிருந்து ஊற்றிவிட்டால் 625 மி.கி. உள்ளே போகும். இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு தடவையோடு நின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாளுக்கு நான்கு முறை, இரண்டு மூன்று நாள் என்று போனால் கல்லீரலைப் பாதிக்கும். அதனால் தயவுசெய்து பழைய புட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மருத்துவமனை தந்த புட்டியையும் அதன் லேபிலில் உங்கள் மகன் பெயரோடு எழுதியிருக்கும் அளவையும் மட்டும் பின்பற்றுங்கள். அந்த லேபிலில் உள்ள அளவு நான் இங்கே போட்ட கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால் கொடுத்த மருந்தகத்தை அழைத்துக் கேளுங்கள். மருந்தை அளக்க சமையலறைக் கரண்டி வேண்டாம், சிரிஞ்சு வேண்டும். ஊற்றும் முன் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள்.

ஐபுபுரூஃபன் கணக்கு இன்னும் சுலபம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வரை. அவனுக்கு 200 மி.கி. 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சிரப் என்றால் 10 மி.லி. நாளுக்கு மூன்று வேளை, ஆறிலிருந்து எட்டு மணி நேர இடைவெளி. பாரசிட்டமால் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது.

சரி, ஏன் ஐபுபுரூஃபனை முன்னால் வைக்கிறேன்? இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஒட்டாவாவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் கை, கால், முதுகு, கழுத்தில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த 6 முதல் 17 வயது வரையிலான 300 பேரிடம் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஐபுபுரூஃபன், ஒரு பிரிவுக்குப் பாரசிட்டமால், இன்னொரு பிரிவுக்குக் கோடீன். யாருக்கு எது என்று குழந்தைகளுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து, 100 புள்ளி வலி அளவுகோலில் ஐபுபுரூஃபன் குடித்தவர்களுக்கு வலி சராசரியாக 24 புள்ளி இறங்கியிருந்தது. பாரசிட்டமாலில் 12. கோடீனில் 11. அடிபட்ட இடத்தில் வீக்கமும் வலியும் உண்டாக உடல் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அந்த இடத்திலேயே ஐபுபுரூஃபன் குறைக்கிறது. பாரசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடத்தில்தான் வேலை செய்கிறது. முறிவு, சுளுக்கு போன்ற வீங்கும் வலிக்கு ஐபுபுரூஃபன் ஒரு படி மேலே நிற்பதற்கு இதுதான் காரணம்.

அதே ஆய்வில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐபுபுரூஃபன் குடித்தவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் ஒரு மணி நேரத்தில் வலி போதிய அளவு அடங்கியது. ஆக, சிரப் ஒன்றையே நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. உடைந்த எலும்பு அசைவதுதான் வலியில் பெரும்பங்கு. அட்டையோ உருட்டிய செய்தித்தாளோ வைத்து, கை இருக்கும் நிலையிலேயே அசையாமல் கட்டி, ஒரு துண்டைக் கழுத்தில் தொட்டில் போல் மாட்டிக் கையைத் தாங்கவைத்தால் அதிலேயே அழுகை பாதி குறையும். துணியில் சுற்றிய பனிக்கட்டி பத்து, பதினைந்து நிமிடம் வைக்கலாம். மாவுக்கட்டுப் போட்ட பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கையைத் தலையணை மேல், நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். அவனுக்குப் பிடித்ததைப் பார்த்துக்கொண்டோ கதை கேட்டுக்கொண்டோ இருப்பதும் உண்மையிலேயே வலியைக் குறைக்கும்.

உங்கள் தோழியின் யோசனைக்கு வருகிறேன். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அது பழைய காலத்து யோசனை. கோடீன் தானாக வலியைக் குறைப்பதில்லை. கல்லீரல் அதை மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தாக மாற்ற வேண்டும். அந்த மாற்றம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு மாறவே மாறாது, அவர்களுக்குக் கோடீன் வெறும் இனிப்புத் தண்ணீர்தான். சிலருக்கு மிக வேகமாக மாறும். அப்படிப்பட்ட குழந்தைகள் வழக்கமான அளவுக்கே மூச்சு அடங்கி இறந்திருக்கிறார்கள். உங்கள் மகன் இதில் எந்த வகை என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இதனால்தான் 2013-இல் ஐரோப்பிய மருந்து அமைப்பும், 2017-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்டிஏவும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு வலிக்காகக் கோடீன் கூடாது என்றன. டிராமடோல் என்ற இன்னொரு வலி மருந்தையும் அமெரிக்கா அதே பட்டியலில் சேர்த்தது. உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எழுதிக்கொடுத்த டிராமடோல் மாத்திரை ஏதாவது மிச்சம் இருந்தால் அதைப் பாதி உடைத்துக் கொடுக்கும் எண்ணமே வரக் கூடாது.

மார்ஃபினையே நேரடியாகக் கொடுத்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படாத முறிவோடு வீடு திரும்பிய 134 பிள்ளைகளுக்கு முதல் நாள் வீட்டில் வாய்வழி மார்ஃபினோ ஐபுபுரூஃபனோ கொடுத்துப் பார்த்த ஆய்வு, அதுவும் கனடாவில்தான், 2014-இல் வந்தது. வலி குறைந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குமட்டலும் தூக்கக் கலக்கமும் மார்ஃபின் பக்கம் அதிகம். 2017-இல் இன்னோர் ஆய்வு ஐபுபுரூஃபனோடு மார்ஃபினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. சேர்த்ததாலும் கூடுதல் பலன் இல்லை. பெயரைக் கேட்டாலே பலமாகத் தோன்றும் மருந்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உண்மையில் பலமான மருந்தாக இருப்பதில்லை.

மருத்துவமனைக்குள் நிலைமை வேறு. எலும்பு விலகி, அதை இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் சிரப்பெல்லாம் போதாது. ஃபென்டனில் என்ற மருந்தை மூக்கில் தெளிக்கலாம். ஊசி தேவையில்லை, ஐந்து பத்து நிமிடத்தில் வேலை செய்யும். மூக்கு வழியாகவே கெட்டமைன் என்ற மருந்தும் கொடுப்பதுண்டு. மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொண்டே கொடுக்க ஆள் இருக்கும் இடத்தில் இவை மிகவும் நல்ல மருந்துகள்.

எலும்பு ஒட்டாது என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. புரோஸ்டாகிளாண்டின் எலும்பு கூடும் ஆரம்பக் கட்டத்தில் பங்கு வகிக்கிறது. அதைத் தடுக்கும் மருந்துகளை எலி, முயலுக்குக் கொடுத்தபோது எலும்பு கூடத் தாமதமானதும் உண்மை. குழந்தைகளில் அப்படி நடக்கிறதா என்று தனியாகவே தேடிப் பார்த்தார்கள். முறிவுக்கு ஐபுபுரூஃபன் எடுத்த பிள்ளைகளின் எலும்பு, எடுக்காதவர்களுடையதைப் போலவே கூடியது. குழந்தைகளின் எலும்பு பெரியவர்களுடையதைவிட வேகமாகக் கூடும் இயல்புள்ளது. சில நாள் ஐபுபுரூஃபன் அதைக் கெடுக்காது. பயப்படாமல் கொடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாளுக்கு அவன் அழும்வரை காத்திருக்க வேண்டாம். காலை, மதியம், இரவு சாப்பாட்டோடு ஐபுபுரூஃபன். நடுவில் வலித்தால் பாரசிட்டமால். படுக்கப் போகும் முன் ஒரு வேளை கட்டாயம் அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள், தூக்கம் கெடாது. அப்புறம் வலித்தால் மட்டும் போதும். உங்கள் வீட்டில் நீங்கள், கணவர், மாமியார் என்று மூன்று பேர் மருந்து கொடுக்கும் நிலையில் இருக்கிறீர்கள். பணிப்பெண் இருந்தால் நான்கு. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கொடுத்தவுடன் எழுதுங்கள். ‘நான் கொடுத்தேனே’, ‘எனக்குத் தெரியாதே’ என்ற பேச்சுக்கு அப்போது இடமில்லை. சளிக்குக் கொடுக்கும் சில சிரப்களிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். அவனுக்குச் சளி பிடித்தால் லேபிலைப் பார்க்காமல் எதையும் கூடவே கொடுக்காதீர்கள்.

ஐபுபுரூஃபன் வேண்டாம் என்று நான் சொல்லும் நேரங்களும் உண்டு. நம் ஊரில் முதலாவது டெங்கி. இந்த வாரம் கைவலிக்கு ஐபுபுரூஃபன் குடிக்கும் பிள்ளைக்கு அடுத்த வாரம் காய்ச்சல் வரலாம். உங்கள் பேட்டையில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்குகிறதோ இல்லையோ, காய்ச்சல் வந்த அன்றே ஐபுபுரூஃபனை நிறுத்திவிட்டுப் பாரசிட்டமாலுக்கு மாறுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். டெங்கியில் ரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும், ஐபுபுரூஃபன் ரத்தக்கசிவை மோசமாக்கும். சின்னம்மை, விடாத வாந்தி பேதி, சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாத நோய், முன்பு இந்த வகை மருந்தால் மூச்சுத்திணறல் அல்லது முகவீக்கம் வந்தது, இந்த நிலைகளிலும் கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐபுபுரூஃபனைத் தாங்குவார்கள், இருந்தாலும் மருந்தாளரிடம் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் வலிக்காகத் தர வேண்டாம். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரைஸ் நோய்க்குறி (Reye's syndrome) அதனால் அரிதாக வரலாம்.

அன்று மருந்து கொடுக்காமல் கொண்டுபோனீர்கள் என்றீர்கள். நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வலி மருந்து முறிவை மறைக்காது. வீக்கமும், தொட்டால் வரும் வலியும் அப்படியே இருக்கும், எக்ஸ்ரேக்கு மருந்து தெரியாது. வலி அடங்கிய பிள்ளை கையை நீட்டிக் காட்டும், மருத்துவருக்கு அது உதவி. இனி யாருக்கு அடிபட்டாலும் வீட்டிலேயே எடைக்கேற்ற அளவு கொடுத்துவிட்டு, கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். மருந்தும் ஒரு வாய்த் தண்ணீரும் பரவாயில்லை. அழுகையை நிறுத்த மைலோ, பால், பிஸ்கட் மட்டும் வேண்டாம். மயக்கம் கொடுத்து எலும்பைச் சரிசெய்ய வேண்டியிருந்தால் சாப்பிட்ட வயிற்றுக்காக ஆறு மணி நேரம் காத்திருக்க நேரும். மருந்து கொடுக்காமல் போய்விட்டாலும் முன்பகுதியில் பதிவு செய்யும் தாதியிடமே ‘பிள்ளைக்கு வலிக்கிறது, மருந்து கொடுங்கள்’ என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. கை கோணியிருந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும், விரல்கள் வெளுத்தோ சில்லென்றோ மரத்தோ போனாலும் பலதுறை மருந்தகம், பக்கத்துக் கிளினிக் என்று அலையாமல் நேராக கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவுக்கோ போய்விடுங்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு மனத்தை உறுத்துவது. பையன் என்றால் ‘ஆம்பளப் புள்ள அழக்கூடாது’ என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறோம். அவன் அதற்கப்புறம் வலியைச் சொல்ல மாட்டான். ‘வலிக்குதா?’ என்று கேட்டால் இல்லை என்பான், ராத்திரி விழித்துக்கொண்டு படுத்திருப்பான். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேளுங்கள், ஏழு வயதுப் பிள்ளை அழகாகச் சொல்வான். சின்னக் குழந்தை என்றால் முகத்தைப் பாருங்கள், விளையாட்டுச் சாமானை எந்தக் கையால் எடுக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். புத்தூர்க் கட்டையும் நாட்டு எண்ணெயையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, பேரன் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வராது. ஆனால் முறிந்த எலும்பின் மேல் நீவினால் சேர்த்து வைத்த முனைகள் மறுபடி விலகும். அந்த வயதில் எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு பாதித்தால் கை வளர்வதே கோணலாகலாம். கோடாலித் தைலம், வலிப் பிளாஸ்திரி எதுவும் குழந்தைக்கு வேண்டாம். பாட்டிக்கு இதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பேரனின் விரல்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, விரலை மெல்ல நீட்டினால் அலறுகிறானா, மரத்துப்போகிறது என்கிறானா என்று. விரல்கள் சில்லிட்டாலோ, நிறம் மாறினாலோ, மரத்தாலோ, மெல்ல நீட்டினாலே அலறினாலோ, மருந்து சரியான அளவு கொடுத்தும் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, மாவுக்கட்டுக்குள் வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்போது அடுத்த வேளை மருந்தைத் தேடாதீர்கள், மறுபரிசோதனைத் தேதிக்கும் காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஜூனில் ஊருக்குப் போகும்போது இங்கே தந்த புட்டிகளையும் சிரிஞ்சையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடையில் கேட்டால் பெரும்பாலும் ஐபுபுரூஃபனும் பாரசிட்டமாலும் ஒன்றாகக் கலந்த சிரப்பைத் தருவார்கள். அதில் இரண்டின் அளவும் பூட்டிப்போட்டது மாதிரி, ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதைக் கொடுத்துவிட்டுத் தெரியாமல் மேலே பாரசிட்டமாலும் கொடுத்துவிடும் வாய்ப்பு அதிகம். நிமெசுலைடு என்ற பெயர் லேபிலில் இருந்தால் வாங்கவே வேண்டாம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதை இந்திய அரசே 2011-இல் தடை செய்துவிட்டது. புட்டி தீர்ந்துபோனால், கடைக்காரரிடம் கலப்பில்லாத ஐபுபுரூஃபன் சிரப் என்று கேட்டு, 5 மி.லி.யில் எத்தனை மி.கி. என்று பார்த்து, மகனின் எடையைச் சொல்லி அளவை எழுதி வாங்குங்கள்.